பலேர்மோவின் வியா மக்வேதா: தெருவில் வைத்துக் கலியாணம் சொல்லப் போன பயணம்

பலேர்மோவுக்குப் போகிறவர்கள் வெயிலுக்காகப் போகிறார்கள், கடலுக்காகப் போகிறார்கள். நான் ஒரு பித்தளைத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். போன நவம்பர் மாதம், புதன் போய் வெள்ளி திரும்பினேன். விரும்பிப் போகவில்லை, கோபத்தோடு போனேன். அந்தக் கோபத்தோடுதான் இதையும் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது ஆறிவிடும் என்று மகள் சொல்கிறாள். பார்ப்போம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இளைய மகள் நிவேதாவுக்கு வருகிற வைகாசியில் கலியாணம், லண்டனில் கிங்ஸ்பரிப் பக்கம் ஒரு மண்டபத்தில். எங்கள் வழக்கத்தில் தாய்மாமனுக்குத்தான் முதற் சொல்லு. அவர் வீட்டுக்குப் போய், புருசன் பெண்சாதி இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி, வெற்றிலை பாக்கு வைத்த தட்டத்தைக் கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். வட்சப்பில் படம் அனுப்பிவிட்டுக் கீழே கும்பிடு போடுகிற பொம்மை வைப்பதற்குப் பெயர் கலியாணம் சொன்னது அல்ல. அதற்கு வேறு பெயர் இருக்கிறது, இங்கே எழுத மாட்டேன்.

நிவேதாவின் தாய்மாமன் என்னுடைய ஒரே தம்பி ராசன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பலேர்மோவில் வீட்டு வேலை செய்கிறான். அவனோடு போனவர்களில் பாதிப் பேர் இத்தாலிப் பாஸ்போட் கையில் கிடைத்த கையோடு லண்டனுக்கு வந்து, இன்று குட்மேய்ஸிலும் இல்ஃபோர்டிலும் கடை வைத்திருக்கிறார்கள். இவன் அசையவில்லை. மூத்தவளின் கலியாணத்துக்கு நானும் இவரும் பலேர்மோ போய், அவர்கள் இருந்த வாடகை வீட்டில் வைத்து முறையாகச் சொல்லிவிட்டு வந்தோம். ஓம் ஓம் என்றான். கடைசிக் கிழமையில், வேலை வீட்டில் விடமாட்டார்களாம் என்று ஒரு ஃபோன். தாலிகட்டு நேரம் இரண்டு பக்கத்து மாமன்மாரும் தேங்காய் உடைக்க வேண்டும். மாப்பிள்ளையின் மாமன் வேட்டியை மடித்துக்கொண்டு ஆயத்தமாக நின்றார். எங்கள் பக்கத்தில் யாரோ ஒரு தூரத்து உறவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினோம். இவருடைய அக்கா, ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் பெரிய மச்சாள், சபை கேட்கக் கேட்டார்: "பொம்பிளைக்கு மாமன் இல்லையோ?"

அந்தக் கேள்வியை எட்டு வருடமாகக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அது கேட்கப்படக் கூடாது. இவ்வளவுதான் என் பயணத்தின் நோக்கம்.

இவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதம், ஆகவே தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. தம்பிக்கு ஃபோன் எடுத்து வருகிறேன் என்றேன். சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். "வீட்டை வராதேங்கோ அக்கா" என்றான். "வியாழன் பின்னேரம் மூண்டரைக்கு வியா மக்வேதாவுக்கு வாங்கோ. ஒப்பெரா மண்டபத்துப் படியிலை நிக்கிறம்." ஏன் என்று கேட்டேன். வாங்கோ, நேரிலை கதைப்பம் என்று வைத்துவிட்டான்.

உடன்பிறந்த அக்காவைத் தெருவில் வைத்துச் சந்திக்கிறானாம். இது எப்படியோ ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. மச்சாள் ஃபோன் எடுத்தார். கலியாணத்துக்கு வந்து எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இரண்டு கிழமை தங்கப் போகிறார், அதற்கு யன்னல் திரைச்சீலை மாற்றச் சொல்லத்தான் எடுத்தாராம். முடிவில், "தெருவிலை நிண்டு நோட்டீஸ் குடுக்கிற மாதிரிக் குடுத்திட்டு வாவன்" என்று சொல்லிச் சிரித்தார். ஃபோனை வைத்துவிட்டுத் தட்டத்தைப் புளி போட்டு மினுக்கினேன்.

இனிப் பயணம். குட்மேய்ஸ் ஸ்டேசனில் இருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். முதியோர் இலவச அட்டை இருந்தால் காசில்லை, ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும். அங்கிருந்து ஸ்டான்ஸ்டெட்டுக்கு ரயிலில் ஐம்பது நிமிடம். அந்தச் சீட்டுக்குக் கேட்கிற விலைக்கு முன்பு நாங்கள் கொழும்புக்கே போய் வந்திருப்போம். முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் குறையும் என்பது எனக்குத் தெரியும். எடுத்தும் இந்த விலை.

விமானக் கதவடியில் ஒரு இரும்புக் கூடு வைத்திருக்கிறார்கள். பை அதற்குள் இறங்காவிட்டால் தண்டம். என் பையில் துணி மூன்று, மீதி இடம் முழுக்கத் தட்டம். தட்டம் வட்டம், கூடு சதுரம், இறங்கவில்லை. அந்தப் பிள்ளை அறுபது பவுண் கேட்டாள். நான் தட்டத்தை வெளியே எடுத்துக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினேன். உடுப்புக்குள் இருப்பதற்குக் காசு கேட்க அவர்களிடம் சட்டம் இல்லை, நான் வாசித்துவிட்டுத்தான் போனேன். மூன்று மணித்தியாலம் நெஞ்சில் பித்தளையோடு இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கேடயம் கட்டிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பலேர்மோவில் இறங்கினால் பிரித்தானியப் பாஸ்போட்டுக்கு இப்போது கைரேகை, முகப்படம் எல்லாம் எடுக்கிறார்கள். வரிசை நத்தையாக நகர்கிறது, கதிரை இல்லை. அதைத் தாண்டினால் சுங்கம். ஈரக் கடதாசியில் சுற்றி, பக்குவமாகக் கொண்டுபோன வெற்றிலையை ஒரு இளைஞர் பிரித்து, முகர்ந்து, என்ன என்று கேட்டார். கலியாணத்துக்கு என்றேன். லண்டனில் இருந்து இலை, கிழங்கு, பழம் ஒன்றும் கொண்டுவரக் கூடாதாம். சட்டம் அவர்களுடையது, அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் மங்கலத்துக்கு வைத்த வெற்றிலையைக் குப்பைத் தொட்டிக்குள் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும்.

விமான நிலையத்தில் இருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பஸ் ஆறரை யூரோ, ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். அழகுதான். எனக்குப் பார்க்க மனமில்லை. அறை வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், இரவுக்கு ஐம்பத்தைந்து யூரோ. விளம்பரத்தில் லிஃப்ட் இருந்தது. நேரில் அந்த லிஃப்டுக்கு ஒரு நாடா கட்டியிருந்தார்கள். நாலாம் மாடி. வீட்டுக்காரி என் பையை வாங்கித் தூக்கினாள், தட்டத்தை நான் கொடுக்கவில்லை.

இரவு ஏழரை மணிக்குத் தெருவுக்கு இறங்கினேன். நாளைக்கு என்னை நிற்கச் சொன்ன இடம் எது, அதன் யோக்கியதை என்ன என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன்.

வியா மக்வேதா பழைய நகரத்தின் நடுவால் நேர்கோடாகப் போகிறது. வாகனம் இல்லை, நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று பலகை சொல்கிறது. பலகையை மின்சார ஸ்கூட்டர்காரர்கள் வாசிப்பதில்லை. இரண்டு பேர் ஒன்றில் ஏறிக்கொண்டு, சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து, கடைசி நொடியில் விலகுகிறார்கள். நிலம் முழுக்கப் பழைய கற்பலகை, நூற்றாண்டுக் கணக்கில் கால் தேய்த்து எண்ணெய் பூசினதுபோல வழுக்கும். மழை பெய்தால் அறுபது தாண்டியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எனக்குப் பிடிக்க ஒரு கை இல்லை, சுவரோரமாக நடந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன் வந்தபோது இந்தத் தெருவில் ஒரு பொத்தான் கடையும் ஒரு குடை திருத்துகிறவரும் இருந்தது ஞாபகம். இப்போது சாப்பாட்டுக் கடை, அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. நடுத்தெரு வரைக்கும் மேசை. வாசலுக்கு வாசல் ஒரு பெடியன் படம் போட்ட பட்டியலோடு நின்று, மம்மா வா, மம்மா இரு என்கிறான். நான் யாருக்கும் மம்மா இல்லை. செம்மஞ்சள் குடிவகை நிரப்பிய கிண்ணங்களை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே மாதிரிச் சிரித்துப் படம் எடுக்கிறார்கள். மாதுளம்பழச் சாறு ஐந்து யூரோ, அதில் பாதி ஐஸ். ஒருவர் ஸ்பீக்கர் வைத்துப் பாடுகிறார், இருபது அடி தள்ளி இன்னொருவர் அதைவிடப் பெரிய ஸ்பீக்கர் வைத்து வேறு பாட்டுப் பாடுகிறார். இரண்டுக்கும் நடுவில் மனிதர் சாப்பிடுகிறார்கள்.

குவாத்ரோ காந்தி என்கிற நாற்சந்தியில் நாலு மூலையும் வளைந்த சுவர். ஒவ்வொன்றிலும் கீழே நீரூற்று, நடுவில் ஒரு அரசன், மேலே ஒரு புனிதை. நல்ல வேலைப்பாடு. கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை வந்து, தன்னுடைய படத்துக்குள் நான் விழுகிறேன், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முடியாது என்றேன். அவள் படத்தில் நான் இருக்கிறேன். இருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பனெல்லே என்று ஒரு சாமான் விற்கிறார்கள். கடலை மாவைக் கிண்டி, மெல்லியதாகத் தட்டி, வெட்டிப் பொரித்து, எள்ளுப் போட்ட பாணுக்குள் வைத்து, எலுமிச்சம்புளி பிழிந்து தருகிறார்கள். மூன்றரை யூரோ. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பயப்படாமல் சாப்பிடலாம். நின்றுகொண்டே இரண்டு சாப்பிட்டேன். கோபத்துக்குப் பசி அதிகம்.

நாற்சந்தியில் இருந்து ஒப்பெரா மண்டபம் அறுநூறு மீற்றர் இருக்கும். அகலமான படிகள், இரண்டு பக்கமும் வெண்கலச் சிங்கம். படியில் ஊர்ப்பட்ட சனம் குந்தியிருந்து ஐஸ்கிறீம் நக்குகிறது. கீழே சதுக்கத்தில் ஓட்டோக்கள், ஆம், எங்கள் ஊர் ஓட்டோவேதான், பூவும் குஞ்சமும் கட்டி, சுற்றுலாக்காரரை ஏற்ற வரிசையில் நிற்கின்றன. அரை மணித்தியாலத்துக்கு முப்பது யூரோ. நான் படியைப் பார்த்தேன். இதில் நின்றுதான் தாய்மாமனுக்குக் கலியாணம் சொல்ல வேண்டுமாம். அறைக்குத் திரும்பி நாலு மாடி ஏறும் மட்டும் தம்பியைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

வியாழன் காலை வெற்றிலை தேடிப் போனேன். தெருவில் இருந்து ஐந்து நிமிடம் நடந்தால் பல்லரோ சந்தை. மீன், கத்தரிக்காய், கூவல், புகை. அங்கே தமிழ் ஆட்கள் கடை இருக்கிறது. சாவகச்சேரிப் பிள்ளை ஒருத்தி கல்லாவில் இருந்தாள். வெற்றிலை ஒரு கட்டு இரண்டு யூரோ, லண்டனை விட நல்ல இலை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"கலியாணம் சொல்லவோ அன்ரி?" என்றாள். ஓம் என்றேன். "அப்ப படிக்குத்தானே போறியள். வியாழக்கிழமை எண்டால் கட்டுக் கட்டாப் போகும்" என்று சொல்லிக்கொண்டே, கேட்காமலே பாக்கும் ஒரு எலுமிச்சம்பழமும் பையில் வைத்தாள். இந்த ஊரில் எல்லோரும் தெருவில் வைத்தா கலியாணம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் மிச்சக் காசை எண்ணி வைத்தாள். பிறகு, நீங்கள் லண்டனோ என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கே போய்ப் படியில் நின்றேன். முந்தின இரவு கண்ட சனம் இல்லை, வேறு சனம். எங்கள் ஆட்கள். இரண்டு பேர், நாலு பேர் என்று பஸ்ஸால் இறங்கி வருகிறார்கள். தலை இழுத்து, நல்ல சேட்டுப் போட்டு, பெண்கள் கைப்பையோடு. ஒரு மூலையில் ஒருவர் சாதகக் கட்டை விரித்து வைத்துக் கதைக்கிறார். இன்னொரு பக்கம் ஒரு தாய் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மகனுக்கு ஊட்டுகிறாள், மகனுக்கு இருபது வயது இருக்கும். இரண்டு படி கீழே, பட்டுத்துணி மூடிய தட்டம் ஒன்று கைமாறுகிறது, வாங்கியவர்கள் கும்பிடுகிறார்கள். வெட்கம் கெட்ட சனம் என்று நினைத்தேன். நினைத்ததைத்தான் எழுதுகிறேன்.

தம்பி இடது பக்கத்தால் வந்தான். அவன் மனைவி சாந்தி வலது பக்கத்தால், வேறு பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தாள். இரண்டு பேரும் என்னைக் காணுமுன் ஒருவரை ஒருவர் கண்டுவிட்டார்கள். சாந்தி அவன் சேட்டுக் கழுத்தை நேராக்கினாள். அவன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டான். பிறகுதான் நான் நிற்கிறதைக் கண்டார்கள்.

தம்பி மெலிந்திருந்தான். அதைக் கேட்கவில்லை. "அக்காவுக்கு ஒரு வாய் தேத்தண்ணி வைக்க வீட்டிலை தூள் இல்லையோ?" என்றேன்.

"வீடு இல்லை அக்கா" என்றான். "விட்டு ரெண்டு வருசம்."

நின்றபடியே சொன்னான். வாடகை ஏறி ஏறி, வீட்டுக்காரன் அதைச் சுற்றுலாக்காரருக்கு விட வேண்டும் என்று எழுப்பிவிட்டானாம். இப்போது தம்பி, வேலை செய்கிற வீட்டிலேயே தங்குகிறான். தொண்ணூறு வயது சிஞ்ஞோரா, அதாவது எஜமானி அம்மா, படுக்கையில். அவவின் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். சாந்தி பத்துக் கிலோமீற்றர் தள்ளி, மொண்டெல்லோ கடற்கரையில், ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில். தங்கி வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் லீவு. அந்த நேரத்தில் சந்திக்கிற இடம் இந்தத் தெரு.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தம்பி சிங்கத்தைப் பார்த்தான். சாந்திதான் மறுமொழி சொன்னாள். "சொன்னால் லண்டனுக்கு வா, வா எண்டு நிப்பியள் மச்சாள். பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் கட்டவேணும். இப்ப விட்டால் கட்டினதும் போச்சு."

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோனில் கதைத்திருக்கிறான். பின்னால் சனத்தின் சத்தம் கேட்கும். தொலைக்காட்சி என்பான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் படியில் இருந்து இறங்கி விமான நிலையத்துக்கே நடந்திருப்பேன். ஆனால் தட்டம் கையில். சரி, அந்த அம்மாவின் வீட்டுக்குப் போவோம், ஒரு ஐந்து நிமிடம் கேட்டு வாங்கு, கூரைக்குக் கீழே வைத்துச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். மாட்டேன் என்றான். என் குரலும் உயர்ந்தது, அவன் குரலும் உயர்ந்தது. படியில் இருந்த எங்கள் ஆட்கள் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அங்கை நான் வேலைக்காரன் அக்கா. மணி அடிச்சால் எழும்பிப் போகவேணும். நீங்கள் தட்டத்தை நீட்டேக்கை அவ மணி அடிச்சால் நான் எந்தப் பக்கம் திரும்புறது?" கையை விரித்துத் தெருவைக் காட்டினான். "இஞ்சை எனக்கு ஒருத்தரும் மணி அடிக்க மாட்டினம்."

அவன் சொன்னது நியாயம்தான். நியாயம் என்பதற்காக நான் இறங்கிப் போகிற ஆள் இல்லை. வெயிலும் காற்றும் படுகிற வெட்டவெளியில், ஐஸ்கிறீம் நக்குகிற சனத்துக்கு நடுவில் என் பிள்ளையின் கலியாணத்தைச் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியென்றால் தட்டத்தைத் திருப்பிக் கொண்டு போங்கோ என்றான். என் தகப்பனுக்குப் பிறந்தவன்தான். சாந்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் கால் நோகுது. ரெண்டு பேரும் சண்டை முடிச்சிட்டுச் சொல்லுங்கோ. எட்டு மணிக்குள்ளை முடிச்சால் காணும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டோக்காரர் மூன்றாவது தரமும் வந்தார். தொப்பி, காதில் கடுக்கன். மம்மா, சுற்றிக் காட்டுகிறேன், கதீட்ரல், துறைமுகம், முப்பது யூரோ என்றார். தமிழில் நன்றாக ஏச்சுக் கொடுத்தேன். அவருக்கு விளங்கவில்லை, சிரித்துக்கொண்டு தன் வண்டியைக் கையால் காட்டினார். நான் வண்டியைப் பார்த்தேன். பின்னால் இரண்டு இருக்கை, ஒன்றை ஒன்று பார்த்தபடி. மேலே மஞ்சள் சீலையில் கூரை.

தம்பியிடம், இது தெருவில்தானே நிற்கிறது என்று கேட்டேன். ஓம் என்றான். இதற்குக் கூரை இருக்கிறதுதானே என்று கேட்டேன். அவன் கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சாந்தி எழும்பிவிட்டாள்.

பேரம் பேசினேன். ஓடத் தேவையில்லை, நின்ற இடத்தில் நில், பதினைந்து யூரோ என்றேன். எங்கேயும் போகாத பயணத்துக்கு எதற்குக் காசு என்று ஓட்டோக்காரருக்கே குழப்பம். தம்பி இத்தாலியனில் விளக்கினான். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு இருபதுக்குக் குறைக்க மாட்டேன் என்றார். ஓடாத வண்டிக்கு இருபது யூரோ. வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மூன்று பேரும் ஏறினோம். அவர்கள் இருவரும் ஒரு பக்கம், நான் எதிரில், முழங்கால் முட்ட முட்ட. மடியில் வைத்துத் தட்டத்தை அடுக்கினேன்: வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், நடுவில் கலியாணக் காட். வண்டிக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டோக்காரர் திரும்பித் தட்டத்தைப் பார்த்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே பாட்டை நிறுத்தித் தொப்பியையும் கழற்றினார். இருபது யூரோவில் அந்தத் தொப்பிக்கு ஒரு ஐந்து யூரோ கழித்துவிடுகிறேன்.

"ராசன், சாந்தி, நிவேதாவின்ர கலியாணம். ரெண்டு பேரும் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்" என்றேன்.

இரண்டு பேரும் நாலு கையாலும் வாங்கினார்கள். தம்பி தட்டத்தை மடியில் வைத்து, சரிந்த வெற்றிலையை நேராக்கினான். பிறகு, "இந்த முறை தேங்காய் நான்தான் உடைப்பன்" என்றான்.

அந்த அம்மா விடாவிட்டால் என்று கேட்டேன்.

"வேலையை விட்டிட்டு வருவன். பலேர்மோவிலை கிழவியளுக்குப் பஞ்சமோ?"

சாந்தி அவன் தொடையில் ஒரு அடி போட்டாள். நானும் சிரித்தேன் என்று தம்பி எல்லோருக்கும் சொல்லித் திரிகிறான். தும்மினேன்.

அதன் பிறகு எட்டு மணி மட்டும் அந்தத் தெருவில் நடந்தோம். முந்தின நாள் நான் கண்ட அதே தெரு. அதே ஸ்கூட்டர், அதே ஸ்பீக்கர். ஆனால் பனெல்லே கடைக்காரர் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாந்திக்கு உப்புக் குறைத்துப் பொரித்துக் கொடுத்தார். ஒரு தேவாலயத்துக்கு முன்னால் இருந்த கல்லு வாங்கில், அதுதான் பெஞ்சில், இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அவர்களைக் கண்டதும் தள்ளி இடம் விட்டார்கள். அது இவர்களுடைய வாங்காம், வியாழக்கிழமை எல்லோருக்கும் தெரியுமாம். சாந்தி பையில் இருந்து அவன் சேட்டை எடுத்து, பொத்தான் தைத்துவிட்டேன் என்று கொடுத்தாள். அவன் அவளுடைய இரத்த அழுத்தக் குளிசையைக் கொடுத்தான். பென்சனுக்குக் கட்டுகிற காசு, ஊரில் காணிப் பிரச்சினை, யாருடைய பிள்ளைக்கோ சோதனை முடிவு, எல்லாம் அந்த வாங்கில் வைத்துத்தான் கதைத்தார்கள். நடுவில் ஒரு சண்டையும் வந்து போனது. நாலு நாளுக்குரிய குடும்பம் முழுவதையும் நாலு மணித்தியாலத்துக்குள் அடக்குகிறார்கள். நான் வாங்கின் ஓரத்தில், சாந்தி எல்லாவற்றையும் தன் பையில் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்த வெறும் தட்டத்தோடு இருந்தேன்.

எட்டு மணிக்குச் சதுக்கத்துக்கு வந்தோம். மொண்டெல்லோ பஸ் தெருவின் ஒரு பக்கத்தில், அவனுடைய பஸ் மறுபக்கத்தில். சாந்தியின் பஸ்தான் முதலில் வந்தது. அவள் யன்னலோரம் இருந்து, என்னைப் பார்த்தல்ல, அவனைப் பார்த்துக் கை காட்டினாள். முப்பத்திரண்டு வருடம் முன்பு நானே முன்னுக்கு நின்று கட்டி வைத்த கலியாணம். தாய் தகப்பனுக்குப் பயந்து ஒளித்துச் சந்திக்கிற பிள்ளைகள் மாதிரி, அறுபது வயதில், ஆளுக்கொரு பஸ்ஸில் போகிறார்கள்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆள்தான் மாறியது. அந்த வீட்டுக்காரன் மேல், சுற்றுலாக்காரருக்கு விட்ட அறைகள் மேல் (நான் ஐம்பத்தைந்து யூரோ கொடுத்துப் படுத்ததும் அப்படி ஒரு அறைதான்), கிழவர்களைக் கடைசி மட்டும் தூக்கிப் பராமரிக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அந்த ஆளுக்குப் பெண்சாதி இருக்கிறாள் என்பதை மறந்துவிடுகிற வீடுகள் மேல். லண்டனிலும் ரொறன்ரோவிலும் நாலு அறை வீட்டில் இருந்துகொண்டு, தெருவில் நிற்கிறவர்கள் என்று சிரிக்கிற எங்கள் சனத்தின் மேல் எல்லாவற்றையும்விடக் கூட.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. தட்டையான, வழுக்காத சப்பாத்துப் போடுங்கள். வெற்றிலையை லண்டனில் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம், பல்லரோவில் கிடைக்கும். அறை எடுக்குமுன் லிஃப்ட் இன்றைக்கு வேலை செய்கிறதா என்று ஃபோனில் கேளுங்கள். மாதுளம்பழச் சாற்றுக்கு ஐஸ் வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். அங்கிருந்து உங்கள் உறவினர் இத்தாலிப் பாஸ்போட்டில் இங்கே வருவதானால், இப்போது இணையத்தில் முன் அனுமதி எடுக்க வேண்டும், கடைசி நாளுக்கு விடாதீர்கள். தம்பிக்கும் சாந்திக்கும் நானே இருந்து எடுத்துக் கொடுத்தேன், சீட்டும் போட்டாயிற்று. புதன்கிழமை மட்டும் போகாதீர்கள். வியாழன் பின்னேரம் ஒப்பெரா மண்டபத்துப் படிக்குப் போங்கள். அங்கே எங்கள் ஆட்கள் இருப்பார்கள். வாங்கில் இடம் விட்டுக் கொடுங்கள், படத்துக்குத் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள்.

வந்த மறுநாள் ரொறன்ரோவுக்கு ஃபோன் எடுத்தேன். மேல்மாடி அறை இல்லை, மண்டபத்துக்குப் பக்கத்தில் நல்ல ஹோட்டல் இருக்கிறது, விலாசம் அனுப்புகிறேன் என்று மச்சாளிடம் சொன்னேன். ஏன், அந்த அறைக்கு யார் வருகினம் என்று கேட்டார். பொம்பிளையின் மாமனும் மாமியும் என்றேன். இரண்டு கிழமையும் அவர்களுக்குத்தான். யன்னல் சீலை மாற்றியாயிற்று. கதவுக்கு உள்பக்கமாக ஒரு கொண்டித் தாழ்ப்பாளும் பூட்டுவித்திருக்கிறேன்.